பாங்கு கேளாத ஊரில் தொழுதவர்

மர்ஹூம் முஹம்மத் மர்மடியூக் பிக்தால் அவர்களின் வாழ்வும் அது தரும் படிப்பினையும்

துறையூர் வட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தை ஒட்டியது உப்பிலியபுரம். வயலும் தோப்புமாக உள்ள இந்தப் பக்கத்து ஊர்களிலும் கடல் கடந்து பிழைக்கப் போவது இப்போது புதுமையன்று. ஒரே வீட்டில் மூத்த பிள்ளை ரியாதிலோ துபாயிலோ வேலை பார்ப்பான்; இளைய பிள்ளை மேற்படிப்பு என்று லண்டனுக்கோ கனடாவுக்கோ போயிருப்பான். மூத்தவனைப் பற்றித் தாய்க்குக் கவலை குறைவு. அது முஸ்லிம் நாடு, ஐந்து வேளையும் பாங்கு கேட்கும், பிள்ளை தொழுது கொள்வான் என்று நிம்மதியாக இருப்பாள். இளையவனை நினைக்கும்போதுதான் அவள் தஸ்பீஹ் உருட்டும் கை நின்றுவிடும். அந்த நாட்டில் என் பிள்ளையின் தீன் என்னாகுமோ என்ற அச்சம் அவளை விடாது.

இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த நிம்மதி முழுக்க நியாயமானதா? முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் மார்க்க வாழ்வு எப்படி, மேலை நாட்டில் எப்படி என்று நாமே ஊகித்துக் கொண்டிருப்பதைவிட, இரண்டையும் வாழ்ந்து பார்த்த ஒருவருடைய வரலாற்றை அறிவது நலம். அப்படிப்பட்டவர்களுள் முதன்மையானவர் திருக்குர்ஆனின் கருத்தை ஆங்கிலத்தில் தந்த மர்ஹூம் முஹம்மத் மர்மடியூக் பிக்தால். ஆங்கிலேயராகப் பிறந்து, சிரியாவிலும் எகிப்திலும் துருக்கியிலும் தங்கி, லண்டனில் இமாமாக நின்று, நம் இந்திய நாட்டில் 15 ஆண்டுகள் பணியாற்றியவர் அவர்.

பாதிரியாரின் மகன்

1875-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் லண்டனில் பிறந்தார் பிக்தால். தந்தையார் ஆங்கிலத் திருச்சபையில் பாதிரியார். பிள்ளைக்கு ஐந்து வயதாகும் போதே தந்தை மறைந்தார். ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளியில் சில காலம் படித்தார். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான சர்ச்சில் அங்கே இவர் காலத்து மாணவர். பிக்தாலுக்குக் கணக்கு வராது. மொழிகள் மிக எளிதாக வரும். கீழை நாடுகளில் தூதரகப் பணிக்கு எழுதிய தேர்வில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மனம் சோர்ந்த பிள்ளையைத் தாயார் 1894-ஆம் ஆண்டு கிழக்கே அனுப்பி வைத்தார்.

எகிப்திலும் பலஸ்தீனத்திலும் சிரியாவிலும் இரண்டாண்டுக் காலம் அவர் சுற்றினார். வெள்ளைக்காரருக்கென்று இருந்த விடுதிகளில் தங்காமல், உள்ளூர் மக்களோடு சத்திரங்களில் படுத்து, அவர்கள் உடையை உடுத்தி, அவர்கள் பேசும் அரபியைப் பேசினார். முஸ்லிம் நாட்டின் வாழ்வை அவர் முதன் முதலில் கண்டது அப்போதுதான். பாங்கு சொன்னதும் கடைக்காரர் எழுந்து போகிறார். செல்வரும் கூலிக்காரரும் ஒரே ஸஃப்பில் நிற்கிறார்கள். வழிப்போக்கனுக்குச் சோறு போடுவதை யாரும் பெரிய தர்மமாகச் சொல்லிக் கொள்வதில்லை. மார்க்கம் அங்கே தனியாக ஒதுக்கி வைக்கப்பட்ட காரியமாக இல்லை, அன்றாட வாழ்வோடு கலந்தே இருந்தது. இது அந்த இளைஞரின் உள்ளத்தை ஈர்த்தது.

ஷைகு கூறிய அறிவுரை

டமாஸ்கஸ் நகரின் உமையாப் பள்ளிவாசலில் அரபி பயின்றபோது, தாம் இஸ்லாத்தைத் தழுவ விரும்புவதாகத் தம் ஆசிரியரான ஷைகிடம் தெரிவித்தார் பிக்தால். வேறொருவராக இருந்தால் அந்தக் கணமே கலிமாச் சொல்லிக் கொடுத்திருப்பார். அந்தப் பெரியவரோ, இளைஞருடைய தாயாரை நினைவூட்டினார். நீ இன்னும் இளைஞன். தாயைப் பிரிந்து தனியே வந்திருக்கிறாய். உன் பிள்ளை உன்னிடமிருந்து இப்படிப் பிரிந்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார். வயது முதிர்ந்து, உன் நாட்டையும் நன்றாகப் பார்த்தபின் முடிவு செய் என்ற பொருள்பட அறிவுரை கூறி அனுப்பினார்.

அந்த அறிவுரை பலித்தது. ஆனால் 20 ஆண்டுகளுக்கு மேல் கழிந்துதான் பலித்தது. அழகிய சூழலைப் பார்த்து எழும் ஆசை ஒன்று; அந்தச் சூழல் இல்லாத இடத்திலும் நிலைக்கும் உறுதி இன்னொன்று. ஷைகு சோதித்தது இந்த வேறுபாட்டைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. டமாஸ்கஸில் முஸ்லிமாக இருப்பது எளிது. லண்டன் திரும்பிய பிறகும் அந்த எண்ணம் நிற்குமா என்பதே கேள்வி.

ஊர் திரும்பிய பிக்தால் 1896-ல் மணம் முடித்தார், கதைகள் எழுதினார். சிரியா நாட்டு மீனவன் ஒருவனைப் பற்றி 1903-ல் அவர் எழுதிய புதினம் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. 1912-13-ல் பால்கன் போர் நடந்தபோது, துருக்கியரைப் பழித்து இங்கிலாந்தின் தேவாலயங்களிலேயே பேசக் கேட்டு மனம் புண்பட்டார். 1913-ல் துருக்கிக்குப் போய்ச் சில மாதங்கள் தங்கி அந்த மக்களை நேரில் கண்டு எழுதினார். முதல் உலகப் போரில் பிரிட்டனும் துருக்கியும் எதிரிகளானபோது, துருக்கியின் பக்கத்தையும் கேட்க வேண்டும் என்று லண்டனில் இருந்துகொண்டே வாதாடினார். அதனால் சொந்த நாட்டில் பலருடைய பகையையும் சம்பாதித்தார். துருக்கியர்பால் கொண்ட அன்பு சில வேளைகளில் அவர்களுடைய குற்றங்களைக் காணவிடாமல் செய்தது என்று பிற்காலத்தில் எழுதியோர் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

போர் நடந்து கொண்டிருந்த 1917-ஆம் ஆண்டு நவம்பர் மாதம், லண்டனில் முஸ்லிம் இலக்கியச் சங்கக் கூட்டத்தில் உரையாற்றிய பின், தாம் இஸ்லாத்தை ஏற்றுக் கொண்டதாக அவர் வெளிப்படையாக அறிவித்தார். தம் நாடு ஒரு முஸ்லிம் அரசோடு போர் புரிந்து கொண்டிருந்த நேரம் அது. அவருக்கு அப்போது 42 வயது.

1919-ஆம் ஆண்டு ரமளான்

அன்றைய இங்கிலாந்தில் முஸ்லிம்களின் நிலையை நாம் சற்று அறிந்து கொள்ள வேண்டும். லிவர்பூலில் அப்துல்லாஹ் குவில்லியம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 1887-ல் இஸ்லாத்தைத் தழுவி, 1889-ல் ஒரு வீட்டையே தொழுமிடமாக்கி ஜமாஅத் நடத்தினார். 1908-ல் அவர் நாட்டை விட்டுச் சென்றதும் அந்த ஜமாஅத் கலைந்து போயிற்று. லண்டனுக்கு அருகே வோக்கிங் என்னும் ஊரில் போபால் ராணி ஷாஜஹான் பேகம் அவர்களின் நன்கொடையைக் கொண்டு 1889-ல் ஓர் அழகிய பள்ளிவாசல் எழும்பியது. அதைக் கட்டிய டாக்டர் லைட்னர் 1899-ல் இறந்தபின் அதுவும் பூட்டிக் கிடந்தது. 1913-ல் லாகூரைச் சார்ந்த குவாஜா கமாலுத்தீன் அதை மீண்டும் திறந்தார். அவர் அஹ்மதிய்யா இயக்கத்தின் லாகூர்ப் பிரிவைச் சார்ந்தவர். அந்த இயக்கத்தின் கொள்கை நமக்கு ஏற்புடையதன்று. பிக்தால் அந்த இயக்கத்தைச் சார்ந்தவரல்லர். அவர் சுன்னத் ஜமாஅத்தில் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றியவர். ஆயினும் தொழ வேறு பள்ளி இல்லாத நாட்டில், பல நாட்டு முஸ்லிம்களும் கூடும் இடமாக வோக்கிங் இருந்தது. நம் தமிழகத்து நாச்சியார்கோவில் பா. தாவூத்ஷா அவர்களும் 1920-களில் அங்கே சென்று தங்கிப் பணியாற்றியவரே.

கட்டிய பள்ளி ஆளில்லாமல் பூட்டப்படுவதும், கூடிய ஜமாஅத் ஒருவர் போனதும் கலைவதும் முஸ்லிம் நாட்டில் நாம் எளிதில் காணாதவை. மேலை நாட்டில் அவை நடந்தன. அங்கே பள்ளி நிலைப்பது கட்டடத்தால் அன்று, ஆள்களால் என்பதற்கு இந்த இரண்டும் சான்று.

1919-ல் வோக்கிங் இமாம் இல்லாத வேளையில் அந்தப் பொறுப்பு பிக்தாலின் தலையில் விழுந்தது. லண்டனில் நாட்டிங் ஹில் பகுதியில் வாடகை வீடொன்று தொழுமிடமாக இருந்தது. அங்கே ஜும்ஆக் குத்பா ஓதினார்; வந்திருப்போருக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் உபதேசம் செய்தார்; ரமளானில் தராவீஹ் தொழுகையையும் முன்னின்று நடத்தினார். இஸ்லாமிக் ரிவ்யூ என்னும் திங்களிதழையும் அந்த ஆண்டு அவரே கவனித்தார்.

அந்த ரமளான் எந்த மாதத்தில் வந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஹிஜ்ரி 1337-ஆம் ஆண்டு ரமளான் பிறை, 1919 மே மாத இறுதியில் பிறந்தது. ஜூன் மாதம் ஏறக்குறைய முழுவதும் நோன்பு. லண்டனில் ஆண்டிலேயே பகல் மிக நீண்ட மாதம் அதுதான். சூரியன் உதித்து மறையவே பதினாறரை மணி நேரம் ஆகும். ஸுப்ஹு ஸாதிக்கிலிருந்து எண்ணினால் நோன்பு இன்னும் நீளும். அந்நாட்டுக் கோடைக்காலக் கடிகாரப்படி இரவு 9 மணி கடந்த பிறகே மஃரிப். ஜூன் மாதத்தில் அங்கே அடிவானத்து வெளிச்சம் இரவு முழுவதும் முற்றாக மறைவதே இல்லை. இஷாவின் நேரம் எப்போது தொடங்குகிறது என்பதே உலமாக்கள் ஆராய வேண்டிய மஸ்அலாவாக ஆகிவிடும். தராவீஹ் முடிந்து வீடு சென்றால் ஸஹருக்கு மிஞ்சும் நேரம் மிகச் சிறிது. காலையில் எழுந்தால் அலுவலகம் திறந்திருக்கும். தெருவில் எல்லோரும் உண்டு கொண்டும் பருகிக் கொண்டும் இருப்பார்கள்.

திருச்சி மாவட்டத்தில் நாம் வைக்கும் நோன்பு கோடையிலும் மழைக்காலத்திலும் அதிகம் மாறுவதில்லை. பகற்பொழுது பதினொன்றரை மணி முதல் பன்னிரண்டே முக்கால் மணி வரைதான். டிசம்பர் மாதத்து லண்டனோ இதற்கு நேர் மாறு: மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நோன்பு எளிது. ஆனால் லுஹரும் அஸரும் மஃரிபும் மூன்றும் வேலை நேரத்துக்குள்ளேயே வந்து போய்விடும். வேலை முடிந்து வீடு சென்று தொழலாம் என்று நினைப்பவன் மூன்றையும் களாச் செய்தவனாவான். அந்த நாட்டில் நம் பிள்ளை ஸுன்னத்தான தொழுகைகளில் குறைவு செய்வதைக் கேட்டு நாம் கோபிக்கிறோம். அதற்கு முன், அவன் வேலையிடத்தில் பர்ளைத் தொழ ஒரு மூலையாவது கேட்டுப் பெற்றிருக்கிறானா என்று அன்போடு விசாரிப்பதே முறை.

ஜும்ஆவும் அப்படியே. அங்கே வெள்ளிக்கிழமை வேலை நாள். அதனாலேயே வோக்கிங் பள்ளியினர் ஜும்ஆவை வெள்ளியன்று நடத்திவிட்டு, மக்கள் ஓய்வாக வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கச் சொற்பொழிவுகளை வைத்துக் கொண்டனர். பர்ளு இருந்த இடத்தில் இருந்தது. மற்ற ஏற்பாடுகளே நாட்டுக்குத் தக்கபடி மாறின. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெருநாள் காட்சியோ நம்மவரும் பொறாமைப்படத் தக்கது. வோக்கிங் பள்ளி சிறியது; அதனால் பெருநாள் தொழுகை வெளியே புல்வெளியில் நடக்கும். இந்தியர், அரபியர், துருக்கியர், ஆப்பிரிக்கர், ஆங்கிலேயர் என்று பலரும் ஒரே ஸஃப்பில் நிற்பர். ஒருவர் கையை நெஞ்சருகே கட்டுவார், ஒருவர் தொப்புளுக்குக் கீழ் கட்டுவார், மாலிகி ஒருவர் தொங்க விட்டிருப்பார். யாரும் யாரையும் வெறித்துப் பார்ப்பதில்லை. ஹனஃபிகளும் ஷாஃபிகளும் வாழும் நம் தமிழகத்திலிருந்து செல்லும் பிள்ளைகள் இதைக் கண்டு மருள வேண்டியதில்லை. தம் மத்ஹபைத் தாம் பற்றிக் கொண்டு, பிறர் மத்ஹபை மதிக்கப் பழகினால் போதும்.

முஸ்லிம் நாடு என்பதே அரணாகுமா?

1920-ல் பிக்தால் பம்பாய்க்கு வந்து பாம்பே கிரானிக்கிள் நாளேட்டின் ஆசிரியரானார். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கைகோத்து நின்ற காலம் அது. வெள்ளைக்காரரான அவர் கதர் உடுத்தி, உருது கற்று, இந்திய விடுதலையின் பக்கம் எழுதினார். 1924-ல் அந்தப் பதவியை விட்டார்.

அதே 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம், எந்தக் கிலாபத்துக்காக அவரும் இந்திய முஸ்லிம்களும் பாடுபட்டார்களோ, அந்தக் கிலாபத்தைத் துருக்கியர் தாமே ஒழித்துவிட்டனர். அதன்பின் மத்ரஸாக்கள் மூடப்பட்டன. 1928-ல் அரபி எழுத்து போயிற்று. 1932 முதல் பள்ளிவாசல்களில் பாங்கை அரபியில் சொல்லாமல் துருக்கி மொழியில் சொல்ல வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. 1950-ல்தான் அந்தத் தடை நீங்கியது. 1935-ல் வார விடுமுறையும் வெள்ளியிலிருந்து ஞாயிற்றுக்கு மாறியது. மக்கள் ஏறத்தாழ எல்லோரும் முஸ்லிம்கள். ஆயினும் அரபியில் பாங்கு சொன்னவருக்குத் தண்டனை. அதே காலத்தில், கிறிஸ்தவ அரசர் ஆளும் இங்கிலாந்தில், வோக்கிங் பள்ளிக்குள் பாங்கு அரபியிலேயே ஒலித்தது.

துருக்கியைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. முஸ்லிம் நாட்டில் மார்க்கம் பெரும்பாலும் அரசின் கையில் இருக்கிறது என்பதைக் காட்டவே சொல்கிறோம். இன்றைக்கும் வளைகுடா நாடுகளில் பள்ளிவாசல்களைப் பராமரிப்பதும் இமாம்களுக்குச் சம்பளம் தருவதும் அரசாங்கத்தின் அவ்காஃப் துறையே. குத்பாவை எழுதித் தருவதும் பல இடங்களில் அந்தத் துறைதான். ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரி முதல் வார விடுமுறையைச் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளியை அரை நாள் வேலை நாளாக ஆக்கியது. இதில் வசதியும் உண்டு: பள்ளிக்கு ஓடு மாற்ற வேண்டுமே, மோதினாருக்குச் சம்பளம் தர வேண்டுமே என்ற கவலை தொழ வருபவனுக்கு இல்லை. தொழுதுவிட்டுப் போகலாம். ஆனால் கவலையில்லாத இடத்தில் பொறுப்பும் குறைந்து போகக்கூடும். ஊரோடு சேர்ந்து தொழுதவன் தனியாக இருக்கும்போது தொழாதவனாக இருக்கலாம். ரியாதில் 10 ஆண்டு ஜமாஅத் தவறாதவன் ஊர் திரும்பியதும் ஸுப்ஹுக்கு எழாமல் கிடப்பதை நாம் காணாமலா இருக்கிறோம்?

மேலை நாட்டுப் பள்ளிவாசலோ ஜமாஅத்தார் கொடுக்கும் காசில் நடப்பது. லண்டனில் பள்ளி கட்ட 1910-ல் சையித் அமீர் அலி முதலானோர் நிதி தொடங்கினர். கிழக்கு லண்டனில் அந்த நிதியைக் கொண்டு பள்ளி திறக்கப்பட்டது 1941-ல். லண்டன் ரீஜென்ட் பூங்கா அருகே 1944-ல் இஸ்லாமிய நிலையம் திறக்கப்பட்டும், அங்கே பெரிய பள்ளிவாசல் எழுந்து முடிந்தது 1977-ல்தான். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த காரியம் அது.

சற்று எண்ணிப் பார்த்தால் உப்பிலியபுரம் பக்கத்து நம் பள்ளிகளும் இந்த இரண்டாவது வகையைச் சார்ந்தவையே. சந்தாவும் ஜமாஅத் நிர்வாகமும் மக்தப் மத்ரஸாவும் நிகாஹ் புத்தகமும் மையவாடியும் எல்லாம் நாமே பேணுகின்றவை. இறைநேசர் நத்ஹர் வலி அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் திருச்சிக்கு வந்தார்கள் என்பது வழிவழி வரும் வழக்கு. அவர்கள் வந்தபோது இங்கே பாங்கு சொல்ல யார் இருந்தார்கள்? சிறுபான்மையாக, பிற சமயத்தாரோடு இணங்கி வாழ்ந்து கொண்டே தீனைக் காப்பது நமக்குப் பாட்டன் காலத்துப் பழக்கம். லண்டனுக்குப் போகும் நம் பிள்ளை புதிய பாடம் எதையும் படிக்க வேண்டியதில்லை. நம் மஹல்லாவில் கண்டதை அங்கே செய்தால் போதும்.

சென்னையில் ஒலித்த உரை

1925 முதல் பிக்தால் ஹைதராபாதில் நிஜாம் அரசின் கல்விப் பணியில் சேர்ந்தார். முதலில் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்; 1927 முதல் இஸ்லாமிக் கல்ச்சர் என்னும் ஆய்விதழின் ஆசிரியர். அந்த 1927-ல் அவர் சென்னைக்கு வந்து இஸ்லாமியப் பண்பாடு பற்றித் தொடர் சொற்பொழிவு ஆற்றினார். அதற்கு ஏற்பாடு செய்து பொருளுதவி புரிந்தவர் சென்னைத் தோல் வணிகரும் வள்ளலுமான ஜமால் முஹம்மது சாஹிப். அல்லாமா இக்பால் அவர்களைச் சென்னைக்கு அழைத்து உரையாற்றச் செய்தவரும் அவரே. 1951-ல் திருச்சியில் தோன்றிய ஜமால் முஹம்மது கல்லூரி அந்தப் பெருமகனாரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் அந்தக் கல்லூரி வாசலைத் தாண்டித்தான் உலகைப் பார்த்தார்கள்.

அந்தச் சொற்பொழிவுகளில் சகோதரத்துவம், பிற சமயத்தாரிடம் சகிப்புத்தன்மை, விதி பற்றிய நம்பிக்கை, பெண்களின் நிலை ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்டார். பெண்களைக் கல்வியும் காற்றும் இல்லாமல் வீட்டுக்குள் அடைத்து வைப்பது ஊர் வழக்கமேயன்றி ஷரீஅத் அன்று என்று முஸ்லிம்களின் முகத்துக்கு நேரே வாதிட்டார். இதை அவரால் சொல்ல முடிந்ததற்குக் காரணம் உண்டு. பிறந்த நாட்டில் அவருக்கு முஸ்லிம் வழக்கம் என்று எதுவும் வாய்க்கவில்லை. மார்க்கத்தை அவர் நூலிலிருந்தும் ஆலிம்களிடமிருந்தும் கற்றார். அதனால் வழக்கம் எது, மார்க்கம் எது என்று பிரித்துப் பார்ப்பது அவருக்கு எளிதாயிற்று. வழக்கமும் மார்க்கமும் பின்னிக் கிடக்கும் ஊரில் பிறந்த நமக்கு அது கடினம்.

ஆனால் ஊர் வழக்கத்தை இகழ்வதும் தவறு. ஹத்தம் முடித்த பிள்ளைக்கு மாலை போடுவதும் நோன்புக் கஞ்சியை அண்டை வீட்டாருக்கு அனுப்புவதும் பிள்ளை மனத்தில் தீனை இனிமையாகப் பதிக்கின்றன. மேலை நாட்டில் பிறக்கும் குழந்தைக்கு அந்த இனிமை தானாகக் கிடைப்பதில்லை. பெற்றோர் வேண்டுமென்றே உண்டாக்கித் தர வேண்டும்.

குர்ஆனும் தாய்மொழியும்

1928-ல் நிஜாம் மீர் உஸ்மான் அலீகான் அவருக்கு முழுச் சம்பளத்தோடு இரண்டாண்டு விடுப்பு அளித்தார். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணிக்காக அந்த விடுப்பு. அதுவரை ஆங்கிலத்தில் இருந்த பெயர்ப்புகளில் பெயர்பெற்றவை முஸ்லிமல்லாதார் செய்தவை. நம்பிக்கை கொண்ட ஆங்கிலேயர் ஒருவர் தம் தாய்மொழியில் அதைச் செய்தது அதுவே முதல் தடவை.

பணியை முடித்து, அதை அல்அஸ்ஹர் ஆலிம்களின் பார்வைக்கு வைக்க 1929-ன் இறுதியில் கெய்ரோ சென்றார். அங்கே அவர் எதிர்பாராத தடை எழுந்தது. குர்ஆனை வேறு மொழியில் பெயர்ப்பதே கூடாது என்று ஆலிம்களில் ஒரு சாரார் கூறினர். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்தது: அல்லாஹ்வின் கலாமுக்கு ஈடாக எந்த மொழியும் நிற்க முடியாது. பிக்தாலும் அதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தாய்மொழி அரபி; மொழிபெயர்ப்பின் தேவை அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. லண்டன் முஸ்லிமுக்கோ தன் மனைவி மக்களுக்குக் குர்ஆன் என்ன சொல்கிறது என்று விளக்க வேறு வழி ஏது? இறுதியில், குர்ஆன் என்றே பெயரிடாமல், குர்ஆனின் கருத்து என்ற பெயரோடு 1930-ல் அந்நூல் வெளிவந்தது. அந்தப் பெயரிலேயே இரு சாராரின் நியாயமும் அடங்கிவிட்டது.

நம் தமிழகத்திலும் இதே தேவை எழுந்தது. அப்துல் ஹமீது பாகவி அவர்கள் பல எதிர்ப்புகளுக்கு இடையே நெடுங்காலம் உழைத்து, 1940-களில் தமிழாக்கத்தை முழுமை பெறச் செய்தார். அரபி தாய்மொழியல்லாத நாட்டில் குர்ஆனை ஓதவும் வேண்டும், விளங்கவும் வேண்டும். நம் வீடுகளில் ஓதல் உண்டு, விளங்கல் குறைவு. மேலை நாட்டுப் பிள்ளைகளிடம் பல வேளை விளங்கல் உண்டு, ஓதல் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே பெற்றோர் கடமை.

இறுதி நாட்கள்

1935-ல் பணி ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பிய பிக்தால், 1936-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் கார்ன்வால் பகுதியின் செயின்ட் ஐவ்ஸ் என்னும் கடற்கரை ஊரில் தம் 61-ஆம் வயதில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வோக்கிங்கிற்கு அருகேயுள்ள ப்ரூக்வுட் மையவாடியில், முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய பகுதியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். லிவர்பூல் அப்துல்லாஹ் குவில்லியமும், குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த மற்றோர் அறிஞரான அப்துல்லாஹ் யூசுப் அலியும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். நம் ஊரில் ஒருவர் மௌத்தானால் சந்தூக்கு பள்ளியிலிருந்து வந்துவிடும். குழி வெட்ட ஆள் வந்துவிடும். ஊரே தோள் கொடுக்கும். அந்த நாட்டில் ஆறடி மண்ணையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. ஜமாஅத் என்பது எத்தகைய நிஃமத் என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரியும்.

நாம் செய்ய வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து நம் வீடுகளுக்குப் பயன்படும் சில செய்திகளைக் கூறி முடிப்போம்.

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன், பாங்கு கேளாமலே தொழப் பழக்குங்கள். தொழுகை நேரத்தைத் தானே பார்த்து, தானே எழுந்து தொழுபவன் எந்த நாட்டிலும் தொழுவான். தாய் எழுப்பினால் மட்டும் எழுபவன் மக்காவிலும் உறங்குவான்.

மேலை நாட்டில் இருப்பவன் ஊர் சேர்ந்ததும் முதலில் தேட வேண்டியது பக்கத்துப் பள்ளிவாசலை. அங்கே போய்த் தொழுவதோடு நில்லாமல், அதன் சந்தாவிலும் வேலையிலும் பங்கு கொள்ள வேண்டும்.

நிகாஹ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் துணையால் ஜமாஅத்தில் நடக்கும் நிகாஹ் சட்டப்படியும் செல்லும். இங்கிலாந்தில் அப்படியன்று. அங்கே நிகாஹ் மட்டும் செய்து, அந்நாட்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டால், பின்னால் பிணக்கு வரும்போது மனைவி என்ற உரிமையே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்காமல் போகலாம். பெண்ணைப் பெற்றவர்கள் இரண்டையும் கேட்டுப் பெற வேண்டும். மஹரைக் கேட்பது போல் இதையும் தயங்காமல் கேளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் பிள்ளையிடமும், ஜமாஅத் கிடைக்கிறதா என்று கேட்பதோடு, தனியாக இருக்கும்போது என்ன ஓதுகிறாய் என்றும் கேளுங்கள். சூழல் தந்த தொழுகை சூழல் மாறினால் போய்விடும். உள்ளத்தில் வேரூன்றியது கூடவே வரும்.

டமாஸ்கஸின் பள்ளிவாசல் அழகைக் கண்டு ஆசைப்பட்ட இளைஞர், லண்டனின் வாடகை வீட்டில் ஜூன் மாதத்து நீண்ட நோன்பை நோற்றுத் தராவீஹ் தொழ வைத்தபோதுதான் முழு முஸ்லிமாக நின்றார். நாட்டைப் பார்த்துப் பிள்ளையின் ஈமானை எடை போடாதீர்கள். எந்த நாட்டிலும் அவனைக் காக்கப் போதுமானவன் அல்லாஹ். அவனை அல்லாஹ்விடம் ஒப்படைத்துத் துஆச் செய்வதும், போகும் முன் ஆக வேண்டியதைக் கற்றுக் கொடுப்பதும் நம் பங்கு.

மர்ஹூம் பிக்தால் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அன்னாரின் நற்பணியை வல்ல ரஹ்மான் ஏற்றுக் கொள்வானாக. கிழக்கிலும் மேற்கிலும் உள்ள நம் மக்களின் தீனை அவன் காத்தருள்வானாக. ஆமீன்.